பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு, வீட்டுக்கு?



பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

நம் ஊரில் பைக் வைத்திருப்பவன் போலீசுக்குப் பயந்து இன்சூரன்ஸ் கட்டுகிறான். மக்காச்சோளம், பருத்தி போட்டவர் கடைசித் தேதிக்குள் பயிர்க் காப்பீடு கட்ட வரிசையில் நிற்கிறார். இருபது, முப்பது வருட உழைப்பைக் கொட்டிக் கட்டிய வீட்டுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. கேட்டால், "சார், வறண்ட பூமியில வெள்ளமா வரப்போகுது?" என்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் மாவட்டத்தில் சாதாரணமாக ஒரு வருடம் முழுக்கப் பெய்வது அவ்வளவு வராது. தூத்துக்குடி எங்கே இருக்கிறது? பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அதுவும் மழை குறைந்த ஊர்தான். அந்த மேகம் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தால் நம் கண்மாய்க் கரைகள் தாங்கியிருக்குமா? வரத்துக்கால்களில் வீடு கட்டி வைத்திருக்கிறோம், தண்ணீர் எந்த வழியாகப் போகும்? மழையை விட்டாலும் இடி இருக்கிறது, சிலிண்டர் இருக்கிறது, தீ இருக்கிறது.

அடுத்த பதில், "கவர்மெண்ட் குடுக்கும்." கொடுத்தது. கடுமையாகப் பாதித்த பகுதிகளில் குடும்பத்துக்கு 6000 ரூபாய், மற்ற இடங்களில் 1000 ரூபாய். குறை சொல்லவில்லை, அது அடுப்பெரிக்கக் கொடுத்த உதவி. 6000 ரூபாயில் சுவர் எழும்புமா?

"ஓட்டு வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் யார் சார் தருவான்?" இது தெரியாமல் பேசுவது. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டிருக்கிறது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். இடத்தின் விலையைச் சேர்க்க வேண்டாம். வெள்ளம் மனையைக் கொண்டு போகாது. மறுபடி கட்ட என்ன ஆகுமோ அதற்கு மட்டும் போடுங்கள். பத்து லட்சத்துக்கு வருட பிரீமியம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. கூரையோ தகரமோ, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். கட்டிடம், பொருள் இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டிடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் இல்லாமலே பொருள்களுக்கும் கிடைக்கும்.

சென்னையிலும் கோவையிலும் வாடகைக்கு இருக்கும் என் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். "வீடு ஓனரோடது" என்று நழுவாதீர்கள். சுவர் அவருடையது, காய்ந்துவிடும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ எல்லாம் உங்களுடையவை. ஓனர் பாலிசி வைத்திருந்தாலும் உங்கள் பொருளுக்கு அதில் சல்லிக்காசு வராது. பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

தறி போட்டிருக்கும் சொந்தங்களே, கவனம். வீட்டு பாலிசியில் தறி, நூல், சேலை வராது. அவை தொழில் கணக்கு. அதற்குச் சிறுதொழில்களுக்கான 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' இருக்கிறது. நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது.

பேங்க் கடனில் கட்டியவர்கள் பாலிசி நகலை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசி வேறு, கட்டிடம் இடிந்தால் பணம் தரும் பாலிசி வேறு. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதும் இருப்பதாக நம்புகிறவர்கள் நிறைய.

"கட்டுறப்ப சிரிப்பான், கேக்குறப்ப முறைப்பான்" என்பதுதான் கடைசி வாதம். இதில் நியாயம் இருக்கிறது, அலைக்கழிப்பு நடக்கிறது. அதற்காக நாம் ஏன் நிராயுதபாணியாக நிற்க வேண்டும்? இன்றே வீட்டையும் பொருள்களையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள். சேதம் வந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள், சர்வேயர் வரும் முன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

"நல்ல நாள்ல அபசகுனமா பேசாதீங்க" என்று சிலர் சொல்வார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் லட்சம் செலவழிக்கிறோம். திருஷ்டிப் பூசணிக்காய் கட்டுகிறோம். கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தச் செலவில் ஒரு ஆயிரத்தை ஒதுக்கிக் காப்பீடும் எடுங்கள்.

வீட்டுப்பாடம்: ஐப்பசி மழை தொடங்கும் முன் பாலிசியை எடுத்துவிட்டு, "எடுத்தாச்சு சார்" என்று கீழே எழுத வேண்டும். வழக்கம்போல, எழுதாதவர்கள் பெயரைக் குறித்து வைப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
பாளையம்பட்டி.