கைப்பற்றுதல் வேறு, தகுதிநீக்கம் வேறு

மது அருந்தி வாகனம் ஓட்டியவருக்கு மேல்முறையீடு எதற்கு என்னும் சினம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இரு வினைகளை இரு வேறு கைகளில் ஒப்படைத்துள்ளது. 206ஆம் பிரிவின்படி காவலர் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி அனுப்புகிறார். 19ஆம் பிரிவின்படி தகுதிநீக்கம் செய்பவர் உரிமம் வழங்கும் அதிகாரியே. அவரும் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்டு, காரணங்களை எழுத்தில் பதிந்தே ஆணையிட வேண்டும். அவ்வாணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

100 மில்லி குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது என்னும் வரம்பை அளப்பது ஒரு கருவி, கருவியும் பிழைபடக்கூடும். விளக்கம் கேட்கப்படாவிடில் குடிக்காதவரும் உரிமம் இழப்பார். காரணம் கூறாத ஆணையோ மேல்முறையீட்டில் எளிதில் வீழும். அன்று குடித்தவரும் தப்புவார். சாலையின் பாதுகாப்புக்கும் அந்த நடைமுறையே அரண்.