நெல்சனோட குருட்டுக் கண்

'டர்ன் எ பிளைண்ட் ஐ'ன்னு இங்கிலீஷ்ல சொல்றோமே, அதை நாம 'கண்டுக்காம விடுறது'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறோம். எனக்கு அதுல உடன்பாடு இல்லைங்க. ஏன்னு சொல்றேன்.

இந்தத் தொடர் பிரபலமானதுக்குக் காரணம்னு எல்லாரும் சொல்ற கதை 1801 ஏப்ரல் 2ஆம் தேதி நடந்தது. கோபன்ஹேகன் துறைமுகத்துல டென்மார்க் கப்பல்களோட பிரிட்டிஷ் கடற்படை மோதுது. முன்னாடி நின்னு அடிச்சிக்கிட்டிருந்தவர் நெல்சன். தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் ரொம்பத் தூரத்துல, பெரிய கப்பல்களோட. நம்ம கப்பல் சிலது தரை தட்டிடுச்சேன்னு பயந்து, 39ஆம் எண் சிக்னல் கொடியை ஏத்துறார். 'சண்டையை நிறுத்து'ன்னு அர்த்தம். நெல்சன் தொலைநோக்கியை வலது கண்ணுல வச்சிக்கிட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னாராம். அந்தக் கண்ணுல பார்வை போனது 1794ல, கோர்சிகாவுல நடந்த கால்வி முற்றுகையில. (தொலைநோக்கி சமாச்சாரம் பின்னாடி சேர்ந்த மசாலான்னு சில வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. சிக்னலை மதிக்காதது மட்டும் நிஜம்.)

அது லேசுப்பட்ட விஷயமில்லை. கடமையில தவறினார்னு 1757ல பிங்ங்கிற அட்மிரலையே சுட்டுக் கொன்ன கடற்படை அது. தோத்திருந்தா நெல்சன் கதி என்ன? ஜெயிச்சார், அடுத்த மாசமே பார்க்கரோட பதவி அவருக்கு வந்துச்சு. ஆனா அதே சிக்னலுக்குக் கீழ்ப்படிஞ்சு தன் கப்பலைத் திருப்பின ரியூங்கிற கேப்டன், திரும்பும்போதே குண்டடிபட்டு செத்துப்போனார். அவர் பேரு யாருக்கு ஞாபகம் இருக்கு?

எனக்கு இதெல்லாம் ஏன் உறுத்துதுன்னா... ரொம்ப வருஷம் முன்னாடி வேலை பார்த்த இடத்துல, மேலதிகாரி ஒருத்தரோட பயண பில் பொய்னு தெரிஞ்சே கையெழுத்து போட்டேன். ஆடிட்ல மாட்டினப்போ வேலை போனது அவருக்கில்லை, எனக்குமில்லை. பில்லை ஒட்டிக் கொடுத்த பையனுக்கு.

"விடு மாப்ள, நீ ஜஸ்ட் பிளைண்ட் ஐ டர்ன் பண்ணே, அவ்ளோதானே"ன்னான் நண்பன். எனக்கும் அப்போ ஆறுதலாத்தான் இருந்துச்சு. நெல்சன் கொடியைப் பார்க்க மறுத்தப்போ போகக்கூடியது அவரோட தலை. நான் பார்க்க மறுத்ததுக்குப் போனது அந்தப் பையனோட சம்பளம். ரெண்டுக்கும் ஒரே பேரா?

அந்தப் பையன் அப்புறம் எங்கே போனான்னு நான் விசாரிக்கவே இல்லை.