நுரையீரல் மறந்துவிடும், பதிவேடு மறக்காது

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஒருவன் பிரான்சுக் கடற்படையில் சேர்ந்து கப்பலின் எந்திர அறையில் வேலை பார்த்தான். அந்நாளில் நீராவிக் குழாய்களைச் சுற்றி 'அமியாந்த்' போர்த்தியிருப்பார்கள். நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறோமே, அதுதான். ஐந்தாறு வருஷத்துக்கு முன் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவர்கள் நுரையீரலுக்குள் உப்பு நீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்களாம். இரும்புச் சத்து படிந்த பழுப்பு நிற இழைகள், மணி கோத்த குச்சி போல, எப்போதோ சுவாசித்த தூசிக்குச் சாட்சியாகக் கிடந்தன.

இதற்குக் கணக்கும் உண்டு. அந்த நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால், வேலையிடத்தில் தூசி பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று 1997இல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள் வகுத்தார்கள். நுரையீரல் துண்டு கிடைத்தால் அதை ழாவெல் தண்ணீரில், அதாவது துணி வெளுக்கும் திரவத்தில், கரைத்து வடிகட்டி எண்ணுவார்கள். உலர்ந்த திசு ஒரு கிராமில் 1,000க்கு மேல் என்பது அளவு.

இதை நான் சொல்லக் கேட்ட எங்கள் தெருப் பெண்மணி, "அண்ணே, அவருக்கும் இந்த டெஸ்ட் எடுத்தால் நிரூபிக்கலாமா?" என்றார். அவர் கணவர் இருபது வருஷம் கூரை ஷீட் அறுத்தவர். கான்ட்ராக்டர் கூலி. கையில் ஒரு சீட்டுக்கூட இல்லை.

நம் ஊர் ஷீட்டில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ். நீல வகை, பழுப்பு வகை போல அது நுரையீரலில் நெடுங்காலம் தங்காது. ஆகவே சோதனையில் ஒன்றும் தென்படவில்லை என்றால் தூசி படவில்லை என்று பொருளில்லை. வெள்ளை வகைக்கு, செய்த வேலையின் வரலாறே நம்பகமான சாட்சி. நோயோ 20, 30 வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும்.

உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொன்னது: இத்தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். ஆனால் மஸ்டர் ரோலிலேயே பெயர் ஏறாதவனுக்கு ஏது பதிவேடு? நோயாளியை நிரூபிக்கச் சொல்வதைவிட, கூலிக்காரன் பெயரையும் எழுதி வைக்கச் செய்வதே முறை. வாழ்நாளெல்லாம் கோப்பு கட்டியவன் சொல்கிறேன்.

அந்த மனிதரை உட்காரவைத்து எந்த வருஷம், எந்த இடம், என்ன வேலை என்று ஒரு நோட்டில் எழுதினேன். கூட வேலை செய்த இருவரிடம் கையெழுத்து வாங்கினோம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு நினைவு இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.