ஐந்துக்கு என்ன நிறம்?



‘அம்மா, இந்த புக்ல ஏழு தப்பான கலர்ல இருக்கு. ஏழு மஞ்சள்தானே?’ என்று யூகேஜி படிக்கும் பிள்ளை கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. ‘உளறாம சீக்கிரம் சாப்பிடு’ என்றுதானே!

இப்படிச் சொன்ன ஒரு பையனை உலகத்துக்கே தெரியும். ரஷ்யாவில் பிறந்த நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ். சின்ன வயதில் எழுத்துக் கட்டைகளை அடுக்கி விளையாடும்போது, ‘இதில் நிறமெல்லாம் தப்பு’ என்று அம்மாவிடம் போகிறபோக்கில் சொன்னாராம். அம்மா அதட்டவில்லை. காரணம், அவருக்கும் எழுத்துகள் நிறத்தோடுதான் தெரிந்தன. பேசிப் பார்த்ததில், சில எழுத்துகளுக்கு இருவருக்கும் ஒரே நிறம்! இசையின் சுரங்கள்கூட அந்த அம்மாவுக்கு நிறமாகத் தெரிந்தன. மகனுக்கு அது இல்லை. பின்னாளில் நபகோவின் மகனுக்கும் எழுத்துகள் நிறத்தோடு தெரிந்தன.

சினஸ்தீசியா என்று இதற்குப் பெயர். ஒரு புலன் வேலை செய்யும்போது, கூப்பிடாமலே இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். சிலருக்கு எழுத்தும் எண்ணும் நிறம். சிலருக்குக் கிழமைகள் நிறம். மிகச் சிலருக்கு ஒரு சொல்லைக் கேட்டாலே நாக்கில் ருசி வரும். இது நோய் அல்ல, மருந்தும் தேவையில்லை.

‘சும்மா கற்பனையாக இருக்கும்’ என்று உங்களுக்குத் தோன்றலாம். விஞ்ஞானிகளுக்கும் ரொம்ப காலம் அப்படித்தான் தோன்றியது. விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன் 1880-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால், ஒருவர் தலைக்குள் தெரியும் பச்சையை இன்னொருவர் எப்படிப் பார்ப்பது? அதனால் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விஷயம் ஓரமாகவே கிடந்தது.

பிறகு வந்த சோதனை மிக எளிமையானது. சொல்லாமல் கொள்ளாமல் மறுபடியும் கேட்பது! இங்கிலாந்தில் சைமன் பேரன் கோஹனும் சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், சினஸ்தீசியா உள்ளவர்களிடம் ஒரு சொற்பட்டியலைக் கொடுத்து நிறங்களைக் குறித்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது 92 சதவீதம் அதே பதில். மற்றவர்களிடம் ஒரே வாரத்தில் கேட்டபோதும் 37 சதவீதம்தான் ஒத்துப்போனது. இட்டுக்கட்டினால் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்க முடியுமா?

இதை அடுத்துச் சோதித்தவர் நம்மவர். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் பேராசிரியரான வி.எஸ். ராமச்சந்திரன். 2001-ல் அவரும் எட்வர்ட் ஹப்பர்டும் ஒரு காகிதம் நிறைய 5 என்று போட்டு, நடுவே சில 2-களை முக்கோணமாக மறைத்து வைத்தார்கள். நாம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 5 பச்சை, 2 சிவப்பு என்று தெரிபவருக்கு முக்கோணம் சீக்கிரம் பிடிபட்டது. (பின்னால் நடந்த சோதனைகளில் சினஸ்தீசியா உள்ள எல்லோரும் அவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நிறம் தெரிவதற்கு ராமச்சந்திரன் சொன்ன காரணமும் எளிதில் புரிகிறது. மூளையின் அடிப்பகுதியில் எண்களை அடையாளம் காணும் இடமும் நிறத்தைக் கவனிக்கும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே சுவரைப் பகிரும் லைன் வீடுகளில் பக்கத்து வீட்டு ரேடியோ நம் வீட்டில் கேட்குமே, அந்த மாதிரி. இதை ஏற்காமல் வேறு விளக்கம் தருபவர்களும் உண்டு.

சரி, அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? எனக்கு மிகப் பிடித்த ஆய்வு இதுதான். ஃபிரிட்ஜில் ஒட்டும் கலர் எழுத்து பொம்மைகளை ஃபிஷர் பிரைஸ் கம்பெனி 1971 முதல் 1990 வரை விற்றது. சினஸ்தீசியா உள்ள, ஆங்கிலம் பேசும் 6,588 பேரின் எழுத்து நிறங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். அதில் 6 சதவீதம் பேரின் நிறங்கள் அந்த பொம்மை செட்டோடு ஒத்துப்போயின. அந்த பொம்மை வீடு வீடாக இருந்த காலத்தில் பிறந்தவர்களில் இது சுமார் 15 சதவீதம். ஆக, இந்தத் தன்மை பரம்பரையில் வரலாம். நிறத்தைச் சில பேருக்கு ஃபிரிட்ஜ் கதவே கொடுத்துவிடுகிறது!

பிரிட்டனில் 500 பேரைச் சோதித்து 2006-ல் வெளியான ஆய்வில் 22 பேருக்கு ஏதோ ஒரு வகை சினஸ்தீசியா இருந்தது. அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தினால், 40 பேர் படிக்கும் வகுப்பில் ஒருவராவது இருக்கலாம். ஆனால் வெளியே சொல்வார்களா? எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். ஒருமுறை சொல்லிக் கேலிக்கு ஆளானவர்கள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அதனால் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் சின்னதுதான். பிள்ளை இப்படிச் சொன்னால், ‘அப்படியா, எட்டு என்ன கலர்?’ என்று கேளுங்கள். பதில்களை எழுதி பீரோவில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். பதில் கொஞ்சம் மாறினால் ‘பொய் சொல்ற’ என்று பாய வேண்டாம். ஆறேழு வயதில் எல்லா எழுத்துக்கும் நிறம் உறுதியாகியிருக்காது. வளர வளரத்தான் நிலைபெறும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ‘என் பிள்ளை ஜீனியஸ்’ என்று உடனே வீடியோ எடுத்து யூடியூபில் போட வேண்டாமே! சினஸ்தீசியா இருந்தால் கணக்கில் நூறு வந்துவிடாது. மனதில் உள்ள நிறத்துக்கு மாறான மையில் எண்ணை அச்சடித்திருந்தால், அந்த மையின் நிறத்தைச் சொல்ல அவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள் என்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சின்ன வயதிலிருந்தே இருந்தால் பயமில்லை. இத்தனை வருடம் இல்லாமல் திடீரென்று சத்தத்தோடு நிறம் தெரிந்தால், அதுவும் தலைவலி, வலிப்பு, பார்வைக் கோளாறோடு சேர்ந்து வந்தால், தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது எழுத்துக்கோ கிழமைக்கோ நிறம் தெரிகிறதா? எங்களுக்கு எழுதுங்கள். தமிழின் ‘அ’வுக்கும் ‘ழ’வுக்கும் என்ன நிறம் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். பிள்ளை சொன்னதைத் திருத்தாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள். பெயரையும் பள்ளியையும் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்