தண்டு மலையிலேயே இருக்கட்டும்

தாண்டிக்குடியில் காபிக்கு நடுவே மலைவாழை வைத்திருக்கிறேன். தாரை வத்தலக்குண்டுக்கு ஏற்றிவிட்டு, ஈன்ற மரத்தைச் சாய்த்து காபிச் செடி மூட்டிலேயே போடுகிறோம். அந்தத் தண்டு நாரைப் பிசினோடு சேர்த்துப் பலகையாக்கலாம் என்று திருவனந்தபுரம் வட்டார ஆராய்ச்சிக் கூடத்தார் 1980-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தார்கள். வாழைக்கு உறவான அபாகாவின் நார், கண்ணாடி இழைக்குப் பதிலாக மெர்சிடிஸ் ஏ கிளாஸ் காரின் அடிப்பக்க மூடியில் ஏறியும் பல ஆண்டுகளாகிவிட்டன.

இப்போது நார் வாங்க வருபவர்கள் தண்டைக் கீழே அனுப்பச் சொல்கிறார்கள். அது கூடவே கூடாது. தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோ தண்டு உரித்தால் காய்ந்த நார் ஒரு கிலோ தேறினால் பெரிது. மீதித் தண்ணீரையும் சக்கையையும் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்க டீசல் எதற்கு? அந்தச் சக்கையில்தான் சாம்பல் சத்து இருக்கிறது. அது எங்கள் மண்ணுக்கே திரும்ப வேண்டும்.

இதைவிடப் பெரிய பயம் முடிக்கொத்து நோய். 1970-களில் இந்த மலையின் வாழையை ஏறக்குறைய துடைத்தெடுத்த நோய் அது. அதைப் பரப்பும் அசுவினி மட்டை இடுக்கில் பதுங்கியிருக்கும். தோட்டம் தோட்டமாகத் தண்டை ஏற்றிப் போனால் அதுவும் கூடவே போகும்.

ஆகவே இயந்திரம்தான் தோட்டத்துக்கு வரவேண்டும். வெட்டிய தண்டு நாள்கணக்கில் கிடந்தால் நார் கறுத்துப்போகும். உரித்த நாரை நன்றாக உலர்த்தவும் வேண்டும். நார் ஈரத்தை இழுக்கும், பிசினோ ஈரத்தை ஏற்காது. சரியாக உலராத நார் சேர்ந்த பலகை உப்பிவிடும். பிசின் நன்றாகப் பிடிக்க நாரைக் காஸ்டிக் சோடாவில் அலசுவார்கள். அந்த வேலை மட்டும் மலையில் வேண்டாம். இங்கே ஓடையில் கலப்பது மருதாநதிக்குத்தான் போகும்.

பலகையில் கண்ணாடி இழையை வெளியடுக்கிலும் வாழை நாரை உள்ளடுக்கிலும் வைத்தால் பலமும் நிற்கும், கண்ணாடியும் குறையும். ஆனால் பாலியெஸ்டர், எபாக்சி என இதில் சேரும் பிசின் எதுவும் மட்காது. வீசியெறியும் தட்டுக்கு இந்தக் கலவையைப் பசுமை என்று விற்பது ஏமாற்று. கதவு, தடுப்புப் பலகை என்று நெடுங்காலம் நிற்கும் பொருளுக்கு மட்டும் போகட்டும்.

தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நார் உரிக்கும் இயந்திரம் ஒன்றைச் சக்கரத்தில் ஏற்றி வாடகைக்கு விடலாம். காய்ந்த, சுத்தமான நாரின் எடைக்கு விலை வைத்தால், எங்கள் பெண்கள் அதைக் கழுவி உலர்த்தித் தரம் பிரித்துக் கொடுப்பார்கள்.