மனைக்கு முன் மண்ணைப் பார்!

வயலில் கல் நட்டாயிற்று, வண்ணக்கொடி பறக்கிறது. பத்திரம் சரியா, பட்டா சரியா, பாதை உண்டா என்றெல்லாம் கேட்கும் தொழிலாளத் தோழன், மண்ணுக்குள் என்ன இருக்கிறதென்று கேட்டானா?

"பயிர் விளைந்த மண்ணய்யா, பயமெதற்கு?" என்பார் தரகர். பயிர் விளைந்ததால்தான் கேட்கிறோம்!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலே, ஆப்பிள் தோட்டங்களில் புழுவைக் கொல்ல 1940களின் இறுதிவரை ஈய ஆர்சனேட் தெளித்தார்கள். மருந்து போயிற்று, நஞ்சு போகவில்லை. ஈயமும் ஆர்சனிக்கும் மட்காதவை, மேல்மண்ணிலேயே தங்கிவிட்டன. தோட்டங்கள் பின்னாளில் வீடுகளாயின, பள்ளிகளாயின. மண்ணளைந்த குழந்தையின் கை வாய்க்குப் போகும்; ஈயம் மூளையைக் கெடுக்கும். பள்ளித் திடல்களின் மண்ணை அரசே சீர்செய்ய வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலோ, வேளாண்மையில் டி.டி.டி.க்குத் தடை வந்ததே 1989இல்தான். அதுவும் மண்ணில் பல ஆண்டுகள் நிற்கும் நஞ்சு.

எனவே, மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்பவர் தம் செலவிலேயே மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்கட்டும். மருந்து கலக்கிய இடம், பூச்சிமருந்து வைத்த கொட்டகை, டீசல் சிந்திய பம்புசெட்டு மூலை ஆகியவற்றை முதலில் தோண்டட்டும். முடிவைப் பலகையில் எழுதி வைக்கட்டும். அதுவரை அனுமதி கூடாது!

லாபம் அவர்களுக்கு, நோய் நம் பிள்ளைகளுக்கா?