அட்டை சாட்சி சொல்லலாமா?

தென்காசி பக்கம் போனால் கவனித்துப் பாருங்கள். காலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையன், பெண் எல்லார் கழுத்திலும் ஒரு நாடா, அதன் நுனியில் ஒரு அட்டை. 2011-ல் ஸோஹோ நிறுவனம் இங்கே சின்னதாக ஆரம்பித்து, பிறகு மத்தளம்பாறையில் வளாகமாக வளர்ந்தது. குற்றாலச் சாரல் மேலே படப் படக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கலாம், அதற்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டாம் என்பது நல்ல சேதிதான். எனக்கு எந்தக் கம்பெனியோடும் சண்டை இல்லை. சண்டை, இன்று ஆஸ்பத்திரி முதல் காலேஜ் வரை எல்லா ஊரிலும் தொங்கும் அந்த அட்டையோடு. சரியாகச் சொன்னால், அட்டை சொல்வதை வேதவாக்காக நம்புகிறவர்களோடு.

அட்டைக்குள் என்ன இருக்கிறது? பேட்டரி கிடையாது. மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், கடுகளவு சிப். அவ்வளவுதான். கதவோரம் இருக்கும் பெட்டி, பழைய ரகமாக இருந்தால், நொடிக்கு 1,25,000 தடவை அதிரும் காந்தப் புலத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அட்டையைக் கிட்டே கொண்டுபோனதும் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். சிப் கண் விழித்துத் தன் நம்பரைச் சொல்லும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர், 'இந்த நம்பருக்கு, இந்தக் கதவு, இந்த நேரத்தில் திறக்கலாமா?' என்று பட்டியலைப் பார்க்கும். சரி என்றால் 'பீப்', பூட்டு விடும். நம்பர், கதவு, நேரம் மூன்றும் பதிவாகும்.

கவனியுங்கள், பதிவானது நம்பர்தான். நீங்கள் அல்ல.

சீஸனில் மெயின் அருவியில் ஒருத்தர் ஒதுங்கினால் அந்தச் சந்தில் நாலு பேர் நுழைவார்கள் இல்லையா? ஆபீஸ் கதவிலும் அதேதான். ஒருத்தர் அட்டை காட்ட, பின்னாலேயே நாலு பேர் பேசிக்கொண்டே போவார்கள். பதிவேட்டின்படி அந்த நாலு பேரும் வரவே இல்லை. இன்னொருத்தர் வீட்டில் தூங்குவார். அவர் அட்டையை நண்பர் காட்டுவார். பதிவேட்டின்படி அவர் 'ஆஜர்'.

அட்டையை நகல் எடுக்க முடியாதா? பேஷாக முடியும். பழைய ரக அட்டைகளில் பல, கேட்ட பெட்டிக்கெல்லாம் நம்பரை ஒப்பிக்கும். ரகசியமே கிடையாது. அடுத்து வந்த 'மைஃபேர் கிளாசிக்'கில் ரகசியக் குறியீடு இருந்தது. அதையும் 2008-ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். ஆய்வை வெளியிடக் கூடாதென்று சிப் தயாரிப்பாளர் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்.

இந்தச் சாட்சியை நம்பித்தான் 'நீ எட்டு மணி நேரம் உள்ளே இல்லை, அரை நாள் சம்பளம் கட்' என்கிறார்கள். டீ குடிக்க எத்தனை நிமிஷம், பாத்ரூமுக்கு எத்தனை நிமிஷம் என்று கூட்டிக் கழிக்கிறார்கள். பணம் இருக்கும் அறைக்கு அட்டை மட்டும் போதாது, கேமரா வேண்டும், காவலாளி வேண்டும் என்கிறவர்களும் இவர்களேதான். பணத்தைக் காக்கப் போதாத அட்டை, சம்பளத்தை வெட்ட மட்டும் எப்படி ஸார் போதும்?

'அப்படியானால் கண்டவனும் நுழையட்டுமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற வேண்டும். அட்டை தொலைந்தால் ஒரு நம்பரை அடித்தால் போதும். நல்ல வசதி. 1973-ல் அமெரிக்காவின் சார்லஸ் வால்டன் இப்படியொரு பேட்டரி இல்லாத அட்டைக்குப் பேட்டன்ட் வாங்கியதும் கதவைத் திறக்கத்தான். திறக்கட்டும். வேலையை அளக்க வேண்டாம். எட்டு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்து ஒன்றும் செய்யாதவரை எந்தப் பெட்டியும் பிடிக்காது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, வேலை தொடர்பான காரியங்களுக்கு ஊழியரின் தகவலை அவர் சம்மதம் கேட்காமலே முதலாளி பயன்படுத்தலாம் என்று வழி இருக்கிறது. கேட்க வேண்டியது நாம்தான்.

மூன்றே மூன்று கேளுங்கள். என் பதிவை எனக்குக் காட்டு. இத்தனை நாளில் அழிப்பேன் என்று எழுதிக் கொடு. என்னைக் கூப்பிட்டு விசாரிக்காமல், அட்டை சொன்னது என்று ஒரு ரூபாய்கூடப் பிடிக்காதே. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், மத்தியானம் ஒரே 'பீப்'பில் சேர்ந்து வெளியே போகிறீர்களே, அந்த அஞ்சு பேருமாகப் போய்க் கேளுங்கள்.